முழுகிக்கொண்டே இருந்தால் விசேஷம்

ஊரில் இருப்பவர்கள் இந்தப் பாம்பு வளர்ப்பு யோசனைகளைப் படித்துவிட்டு வேலியோரம் கிளம்ப வேண்டாம். நாட்டுப் பாம்பை வீட்டில் வளர்த்தால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உங்களை வேறொரு கூண்டில் வைத்து வளர்க்கும். இந்த யோசனைகள் எல்லாம் நான் குடியிருக்கும் ஒஹாயோ மாதிரி இடங்களுக்கு. ஊரில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிற மாதிரி இங்கே பால் பைதான் வளர்க்கிறார்கள். பெயரில் இருக்கும் பால், புற்றுக்கு ஊற்றுகிற பால் இல்லை, பந்து. மேற்கு ஆப்பிரிக்காவில், கானா, டோகோ, பெனின் பக்கம் எலி வளைகளில் சிவனே என்று கிடக்கும் ஜீவன். மிரண்டால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். விலங்கியல் பெயரில் வரும் ரீஜியஸ் என்ற சொல்லுக்கு அரசகுலம் என்று பொருள். அதனால் என் பையன் தன் பாம்புக்கு 'மகாராணி' என்று பெயர் வைத்தான். வைத்துவிட்டு அவன் கல்லூரிக்குப் போய்விட்டான். மகாராணியும், உறையவைத்த எலிகள் நிறைந்த ஒரு ஃப்ரீசரும் என் தலையில்.

குட்டி எடுக்க நினைத்தால் முதல் வேலை, வரன் பார்ப்பது. ஜாதகம் வேண்டாம், சமையலறைத் தராசு போதும். பெண் 1,500 கிராமைத் தாண்டியிருக்க வேண்டும். ஆண் 700 கிராம் இருந்தாலே கல்யாண வயசுதான். குளிர்காலத்தில் இரண்டையும் ஒரே டப்பாவில் இரண்டு மூன்று நாள் விட்டு, பிரித்து, மறுபடி விட வேண்டும். அதற்கு முன், மாப்பிள்ளை ஆண்தானா என்று விவரம் தெரிந்தவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். நான் காட்டவில்லை. கண்காட்சியில் விற்றவர் சத்தியம் செய்ததை நம்பி வாங்கி வந்து, 'மாப்பிள்ளை' என்றே பெயரும் வைத்து, இரண்டு மாதம் விட்டு விட்டுச் சேர்த்துப் பார்த்தேன். இருவரும் ஆளுக்கொரு மூலையில் கிடந்தார்கள். கடைசியில் டாக்டர் வாலடியில் மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்து, "வாழ்த்துகள், இரண்டு பெண்கள்" என்றார். மாப்பிள்ளையை அடித்தட்டு டப்பாவுக்கு அனுப்பிவிட்டு வேறு வரன் பார்த்தோம்.

சரி, சினைப்பட்டிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம் வீட்டுக் கிழவிகள் புதுப்பெண்ணைப் பார்க்கும் அதே பார்வையை நீங்கள் பழக வேண்டும். சாப்பாட்டை ஒதுக்குகிறாளா? மசக்கை. ஆனால் பால் பைதான் ஒரு காரணமும் இல்லாமல் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் ஜாதி. மேனி வெளுத்து ஒரு மினுமினுப்பு தெரிகிறதா? நல்ல சகுனம், பல்பு மாற்றினாலும் அப்படித் தெரியும். மனிதப் பெண் முழுகாமல் இருந்தால் விசேஷம் என்பார்கள். இவள் நேர் எதிர், தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கிடப்பாள், சமயத்தில் உள்ளேயே முழுகிக் கிடப்பாள். குளிர்ச்சி தேடுகிறாள், கரு வளர்கிறது என்று அர்த்தம். உடம்பில் உண்ணி பிடித்தாலும் முழுகித்தான் கிடப்பாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் கொஞ்ச நாளில் வயிற்றை மேலே காட்டி மல்லாந்து படுப்பாள். முதல் தடவை பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்று குழி தோண்டுவார்கள். அவசரப்பட வேண்டாம், தொட்டுப் பாருங்கள்.

முட்டை சினைப்பையிலிருந்து இறங்கும் நாளில் நடு உடம்பு, பெரிய எலி ஒன்றை விழுங்கியது போல் புடைத்து நிற்கும். ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கு நீங்கள் ஆபீசில் இருப்பீர்கள்.

துணிந்தவர்கள் தடவிப் பார்க்கலாம். ஒரு சனிக்கிழமை இரவு விரல்களை லேசாகக் குவித்து, மகாராணியை அதன் வழியே தானாக ஊர்ந்து போக விட்டேன். வாலுக்கு ஒரு சாண் மேலே தட்டுப்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கோலிக்குண்டு மாதிரி. பையனுக்கு போன் போட்டேன். ஊரில் அம்மாவுக்கும் போட்டு, "சினையா இருக்கும்மா" என்று சொல்ல, அவள் எங்களிடம் மாடு இருப்பதாக நினைத்துச் சீம்பால் பற்றிப் பேச ஆரம்பித்தாள். வளைகாப்பு பற்றி மட்டும் யாரும் பேசவில்லை; கையில்லாதவளுக்கு எங்கே போடுவது? ஞாயிறு காலை டப்பாவை இழுத்த மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏங்க, உங்க பேரப்பிள்ளைங்க நாலும் பொறந்தாச்சு. வந்து அள்ளுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஸ்கேனுக்குப் போனோம். ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்ற போர்டு இங்கே கிடையாது. டாக்டர் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே, "கொழுப்பு. எலியைக் குறையுங்கள்" என்றார்.

உள்ளதில் நம்பகமான அடையாளம் சட்டை உரிப்பதுதான். முட்டை இறங்கி இரண்டு மூன்று வாரத்தில் ஒருமுறை சட்டை உரிப்பாள். அதிலிருந்து ஏறக்குறைய 30 நாளில் முட்டையிடுவாள். ஆகவே சட்டை உரித்த தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். நான் மகாராணி உரித்த ஒவ்வொரு தேதிக்கும் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் காலண்டரைப் பார்த்தால் ஏதோ சீட்டு நடத்துகிறோம் என்று தோன்றும்.

ஆண் துணை அவசியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2020-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் அறுபது வயதைத் தாண்டிய பால் பைதான் ஒன்று 7 முட்டையிட்டது. ஆண் பாம்பின் வாடையே பட்டு 15 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்த இனம் ஆணின் விந்தை உள்ளேயே சேமித்து வைக்கும், சில சமயம் ஆணே இல்லாமலும் கருத்தரிக்கும். செய்தியைப் படித்தபோது அதிசயம் என்று நினைத்தேனே தவிர, அடித்தட்டைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

மாப்பிள்ளை மூன்று மாதமாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை முறுக்கு என்று விட்டிருந்தேன். மல்லாந்து கிடந்தது; ஏசி வேலை செய்யவில்லையோ என்று பார்த்தேன். உரித்துப் போட்ட சட்டையைத் தேதிகூடப் பார்க்காமல் குப்பையில் எறிந்தேன். போன செவ்வாய்க்கிழமை தண்ணீர் மாற்ற டப்பாவை இழுத்தால், ஐந்து வெள்ளை முட்டைகளைச் சுற்றிக் கோட்டை கட்டிக்கொண்டு என்னை முறைக்கிறது. விற்றவர் வீட்டிலேயே காரியம் முடிந்திருக்கிறது.

முட்டையை உருட்டக் கூடாது, உள்ளே கரு மூழ்கிப் போகும். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அங்கே பென்சிலால் புள்ளி வைத்து, ஈரமான வெர்மிகுலைட்டில் அப்படியே பதித்து, 31, 32 டிகிரி செல்சியஸில் சுமார் 60 நாள் வைக்க வேண்டும். இருட்டறையில் செல்போன் டார்ச்சை ஒட்டிப் பிடித்தேன். நாலில் சிவப்பு நரம்புகள் வேர் மாதிரி ஓடின. ஒன்று வெறும் மஞ்சள்.

அடைகாக்கும் பெட்டிமேல் தேதியும் பெற்றோர் விவரமும் எழுதி ஒட்டுவது இங்கே வழக்கம். எழுதி ஒட்டினேன். தாய்: மாப்பிள்ளை. தந்தை: தெரியவில்லை.