பதுளைக்கு முந்தின ஸ்டேஷன்காரர்

கொழும்புக் கோட்டையில் ஏறுகிற கோச்சிக்குக் கடைசி ஸ்டேஷன் பதுளை. அதற்கு முந்தினது ஹாலிஎல. இடையில் ஆறேழு கிலோமீற்றர். இந்த ஆறேழு கிலோமீற்றரை மூலதனமாகப் போட்டு ஒரு மனிதர் ஆயுள் முழுக்கக் கௌரவமாகக் காலம் தள்ளிவிட முடியும். எங்கள் ஊரில் அப்படித் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர்.

பதுளைக்கு வெளியில் நல்ல பெயர் கிடையாது. மழை பெய்தால் மலை இறங்கும் ஊர், பஸ் பிரளும் ஊர், பெரியவரை எதிர்த்துப் பேசின கிளாக்கரைத் தூக்கிப் போடுகிற ஊர். "பதுளைக்கு மாத்திருவேன்" என்ற மிரட்டலுக்கு அரசாங்கக் கந்தோர்களில் இன்னும் மதிப்பு இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, அதில் ஒரு சொட்டும் தன்மேல் தெறிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம்மவரின் முழுநேர உத்தியோகம்.

ஆளைக் கண்டுபிடிப்பது லேசு. வெலிமடை ரோட்டும் பண்டாரவளை ரோட்டும் வந்து முட்டுகிற ஹாலிஎல சந்தியில், காலை ஏழு மணிக்கே ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையின் வாசல் மேசையில் இருப்பார். முழுக்கைச் சட்டை, மடித்த குடை, உள்ளங்கையில் சீனி, எதிரில் பிளேன்டீ. தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாகவோ, பள்ளிக்கூடத்தில் மாஸ்டராகவோ, கூட்டுறவுக் கடையில் மெனேஜராகவோ இருந்து ஓய்ந்தவர். கடைக்காரர் வாங்கின பேப்பரைக் கடைக்காரருக்கு முன்னால் படிப்பது அவருடைய உரிமை.

பேப்பர் படிப்பது என்றால் நாம் படிப்பதைப் போல அல்ல. அவர் படிப்பது நிலஅளவைத் திணைக்களக்காரர் படிப்பது. 'பதுளையில் பஸ் விபத்து' என்று தலைப்பு இருந்தால் அவர் கண் நேராக மூன்றாவது பந்திக்குப் போய்விடும். சம்பவம் எந்தக் கட்டையில் என்று பார்ப்பார். 2021 மார்ச்சில் அந்தப் பெரிய விபத்து நடந்தபோது கொழும்பிலிருந்து மச்சான் பதறியடித்து டெலிபோன் எடுத்தார். நம்மவர் விளக்கம் கொடுத்தது எனக்குக் கேட்டது. "பதுளையில இல்லீங்க மச்சான். பசறை தாண்டி. லுணுகலை ரோட்டுல பதிமூணாங்கட்டை. இங்கேருந்து எவ்வளவு தூரம்! பேப்பர்காரனுக்கு என்னா தெரியும்?" செத்தவர்களுக்கு அனுதாபம் அதற்குப் பிறகுதான். முதலில் எல்லைக்கல்லை நட வேண்டுமல்லவா?

அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பதுளை மாவட்டத்துக்கு 15 பிரதேச செயலகப் பிரிவுகள். மகியங்கனையின் வெக்கையும் அதற்குள், ஹப்புத்தளையின் குளிரும் அதற்குள். இதில் எந்த மூலையில் மண் சரிந்தாலும் தலைப்பில் 'பதுளை'. ஆனால் அதே மாவட்டத்தின் எல்லவில் வெள்ளைக்காரன் ஒன்பது வளைவுப் பாலத்தில் ஏறிப் படம் எடுத்தால் தலைப்பில் 'எல்ல'. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும் காய்ந்த கச்சான் காற்றில் வாசனை ஏறுகிற தேயிலை ஏலத்தில் நல்ல விலைக்குப் போனால், அது 'ஊவா டீ'. தம்பதென்னையை வாங்கின லிப்டன் ஊர் ஊராகப் பெட்டியில் அடைத்து விற்றது 'சிலோன் டீ'. வரவுப் பக்கத்தில் ஒரு இடத்திலாவது பதுளை என்று எழுதியிருக்கிறதா? செலவுப் பக்கம் பூராவும் அதுதான். கணக்கப்பிள்ளையாக இருந்தவருக்கு இது கண்ணை உறுத்தாதா?

உதாரணம் கேட்டால் மேஜர் ரொஜர்ஸ் கதையை எடுத்து வைப்பார். வெள்ளைக்காரன் காலத்தில் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றார் என்று சொல்கிறார்கள். 1845இல் இடி விழுந்து செத்தார். "விழுந்தது எங்க? ஹப்புத்தளையில! பொதைச்சது நுவரெலியாவுல! அந்தக் கல்லறையிலயும் இடி விழுந்திருச்சுன்னு சொல்லுவாங்க. ஆனா அவரு ஞாபகமா சென்ட் மார்க்ஸ் கோயில மட்டும் பதுளையில கொண்டாந்து கட்டிட்டாங்க. யானை பாவம் முழுக்க நமக்கு!" இந்த இடத்தில் அவர் 'நமக்கு' என்றதைக் கவனிக்க வேண்டும். அநியாயத்துக்கு உள்ளான பதுளை என்றால் அது நம்மூர். அநியாயம் செய்த பதுளை என்றால் அது ஆறேழு கிலோமீற்றருக்கு அந்தப் பக்கம்.

1817ஐப் பற்றிக் கேட்டால் இன்னும் உஷாராகிவிடுவார். ஊவா வெல்லஸ்ஸை கிளர்ச்சி. ஆரம்பத்திலேயே பதுளையில் இருந்த பிரித்தானிய அதிகாரி வில்சன் அம்பு பட்டுச் செத்தார். அடுத்த வருஷம் வெள்ளைக்காரன் ஊர்களைக் கொளுத்தி, வயல்களை நாசமாக்கி, கெப்பட்டிப்பொல திசாவையின் தலையை வெட்டின பிறகுதான் அடங்கினான். இந்தப் பக்கத்துக்குக் கெட்ட பெயர் எழுதி வைத்த முதல் கை அதுதான் என்பது என் எண்ணம். நம்மவர் ஒரே வரியில் கையைக் கழுவிக்கொள்வார். "அந்தக் கேசுல நம்மாளு யாரும் இல்லீங்க. நம்ம பாட்டன் கோப்பி நட வந்ததே அதுக்குப் பொறவு." வந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கெட்ட பெயர் இருந்தது, வந்தவர்களுக்கு 'தோட்டக்காட்டான்' என்று தனியாக இன்னொன்றையும் கொடுத்தார்கள். ஆகவே இவருக்கு ரெட்டைப் பொறுப்பு.

பொறுப்பு ரெட்டை என்றால் விலாசமும் ஒன்று போதாது. வெள்ளவத்தை நகைக்கடையிலோ துணிக்கடையிலோ "எந்த ஊர்?" என்று கேட்டால், "பண்டாரவளை பக்கமுங்க." பண்டாரவளை என்றால் குளிர், பங்களா, பேரிக்காய் என்று கேட்கிறவர் மனதில் ஓடும், மரியாதை ஒரு படி கூடும். கோச்சியில் எதிர்ச் சீட்டில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இருந்தால், "எல்ல, எல்ல. வெரி நியர்." கல்யாணத் தரகரிடம், "ஊவா மாகாணம்" என்று மட்டும் எழுதச் சொல்வார், மாகாணம் பெரிசு, தேடிக்கொண்டு வரட்டும். யுத்த காலத்தில் மட்டும் எல்லாம் தலைகீழ். கொழும்புச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது, "பதுளை சேர், பதுளை" என்று கேளாமலே மூன்று முறை சொல்வார். கெட்ட பெயருள்ள ஊரே கவசமாக இருந்த காலம் அது. கவசம் சில ராத்திரிகளில் வேலை செய்யவில்லை. பொலிஸ் ஸ்டேஷன் வாங்கில் விடியவிடிய இருந்துவிட்டு வந்தவர்கள் எங்கள் சந்தியிலேயே இருக்கிறார்கள். அதைப் பற்றி இந்த ரகத்தார் அதிகம் பேசுவதில்லை.

கோச்சி என்றால் மட்டும் நிறையப் பேசுவார். தண்டவாளம் பண்டாரவளைக்கு வந்தது 1894இல். பதுளைக்கு வந்தது 1924இல். முப்பது கிலோமீற்றர் சொச்சத்துக்கு முப்பது வருஷம். "வருஷத்துக்கு ஒரு கிலோமீற்றர்தான் வந்திருக்கான். அப்பவே நம்மள எவ்வளவு அவசரமா நெனைச்சிருக்கான் பாருங்க!" நடுவில் ஒரு உலக யுத்தம் நடந்ததையும், எல்லவிலிருந்து பாதை மலையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க வேண்டியிருந்ததையும் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த இறக்கத்துக்காகத்தான் தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, தான் வந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே குகைக்குள் புகுந்து போகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டினதைப் பார்த்துத்தான் இஞ்சினியருக்கு அந்த யோசனை வந்ததாம். கதை உண்மையோ பொய்யோ, நம்மவருக்கு அது பட்டா எழுதின சொத்து. "தலைப்பா நம்மளுது. பேரு இஞ்சினியருக்கு."

அந்தக் கோச்சி எல்லவுக்கு வந்ததும் அவருக்கு முகம் சுண்டிவிடும். பெட்டி பெட்டியாக ஆட்கள் இறங்குவார்கள். அதுவரை மிதிபலகையில் தொங்கினவர்கள், ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிப் படம் எடுத்தவர்கள், அத்தனை பேரும் போன பிறகு மிஞ்சுவது நாங்களும் எங்கள் சாக்கு மூட்டைகளும்தான். அப்போது அவர் காலை எதிர்ச் சீட்டில் நீட்டிக்கொண்டு சொல்வார்: "போகட்டும். ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவுல இருக்கு. பாதிப் பாலம் நம்ம பக்கந்தான்."

ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கக் கூடாது. கேட்டால் அரை நாள் போய்விடும். போகொடைப் பாலத்தைச் சொல்வார்: ஓடு போட்ட கூரையோடு மரத்தாலேயே கட்டின பழைய பாலம், பதினாறாம் நூற்றாண்டு என்கிறார்கள், கண்டிக்கும் பதுளைக்கும் நடந்து போன காலத்துப் பாதை. துன்ஹிந்தையைச் சொல்வார்: 64 மீற்றர் உயரம். இரண்டையும் அவர் கடைசியாகப் பார்த்தது அரைக்காற்சட்டை போட்ட காலத்தில். "நம்ம ஊருதானே, எங்க ஓடிரப் போவுது?" என்பார்.

ஊரைத் திட்டுகிற உரிமையும் அவருடையதே. ரோட்டுக் குழி, கச்சேரியில் அலைச்சல், ஆஸ்பத்திரி வரிசை, தேர்தலுக்கு மட்டும் முகம் காட்டுகிறவர்கள் என்று பிளேன்டீ ஆறுவதற்குள் அனைத்தையும் கிழித்துத் தொங்கவிடுவார். மாற்றலாகி வந்த ஏதோ ஒரு கந்தோர் சேர் பக்கத்து மேசையில் இருந்து, "உண்மைதான் ஐயா, மனுசன் இருக்கிற ஊரா இது?" என்று ஒத்துப் பாடினால் கதை முடிந்தது. கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். "ஏன் சேர், உங்க ஊருல குழி இல்லியா? உங்க ஊருல ரெண்டு மழைக்கே முழங்கால் தண்ணி நிக்குதே?" சேருக்குக் கடைசியில் மிஞ்சுவது டீக்காசைக் கொடுத்துவிட்டுப் போவதுதான். இருவர் டீக்கும் சேர்த்து.

ஒரு வாரம் இந்த ரகத்தார் எல்லைக்கல்லைத் தொடவே இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது. அது கொஸ்லந்தைப் பக்கம், இங்கிருந்து வெகுதூரம், எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அதைச் சொல்லவில்லை. சந்தியில் லொறிக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் அப்படித்தான். சொல்ல வேண்டிய அவசியமும் அப்போது இருக்கவில்லை. எல்லா ஊரும் ஒரே தலைப்பில் வந்துவிட்டன.

மற்ற நாட்களில் கெட்ட பெயர் ஒரு இடத்தில் தங்காது. அதற்கும் ரூட் இருக்கிறது. கொழும்புக்காரர் மலைநாட்டையே கையால் ஒதுக்குவார். கண்டிக்காரருக்கு நுவரெலியா வரைக்கும் ஊர். அதற்கு அந்தப் பக்கம் ஊவா. பண்டாரவளைக்காரர் ஸ்வெட்டரோடு பஸ் ஏறி, ஹாலிஎல சந்தியில் அதைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "எப்பிடித்தான் இந்த வெக்கையில இருக்கீங்களோ!" என்பார். நாங்கள் பதுளையைக் காட்டுவோம். பதுளைக்காரர் பசறையைக் காட்டுவார். பசறைக்காரர் மடுல்சீமையைக் காட்டுவார், லுணுகலையைக் காட்டுவார். லுணுகலைக்காரர் பிபிலைக்கு அந்தப் பக்கம் யானைக் காடு என்பார். அந்த ஏ5 ரோட்டு செங்கலடியில் போய் முடிகிறது, அங்கே கேட்டால், "ஐயோ, அந்த மலை ரோட்டா?" என்று எங்கள் திசையைக் காட்டுகிறார்கள். கடைசித் தரிப்பிடம் என்று ஒன்று இல்லாத ஒரே பஸ் இதுதான்.

சென்ற வருஷம் எங்கள் சந்தி நம்மவர் ஒருவரின் மகனுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. பாடசாலை மடுல்சீமைப் பக்கம். கடிதத்தைப் படித்துவிட்டு மனிதர் அன்றைக்குச் சீனியைக் கையில் கொட்டவே மறந்தார். "மடுல்சீமையா? அங்கயா? மனுசன் போற எடமா அது? அட்டை கடிச்சே ஆளு முடிஞ்சிருவானே!" கொழும்பு மச்சான் பதுளையைப் பற்றிச் சொல்கிற அதே வசனங்கள், ஒரு சொல் கூடக் குறையாமல் சொன்னார். மகன் சிரித்துக்கொண்டே துணி மடித்தான்.

அடுத்த நாள் பொருள் வாங்கப் பதுளை டவுனுக்கு அவரோடு நானும் போனேன். டோர்ச், கம்பளி, குடை, அட்டைக்குத் தடவ சோப்பு. கட்டிக்கொண்டே கடைக்காரர் விசாரித்தார்.

"யாருக்குங்க ஐயா இவ்வளவு?"

"மகனுக்கு. மடுல்சீமையில படிப்பிக்கப் போறான்."

"மடுல்சீமையா? ஐயய்யோ!"

நம்மவர் நிமிர்ந்தார். முழுக்கைச் சட்டையின் பொத்தானைச் சரி செய்தார்.

"என்னா ஐயய்யோ? என்னா தெரியும் உங்களுக்கு மடுல்சீமையப் பத்தி? எப்பேர்ப்பட்ட காத்து! எப்பேர்ப்பட்ட தண்ணி! கொழும்புலருந்து வேன் புடிச்சு வந்து மலையில கூடாரம் அடிச்சுப் படுக்கிறாங்க தெரியுமா? அங்க சின்ன உலகமுடிவே இருக்கு!"

கடைக்காரர் சாமானுக்கு நூல் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"அதத்தானுங்களே நானும் சொல்றேன்."