புதுச் செட்டுக்குச் சுதி சேர்த்தல்: ஒரு நெய்தல் நில ஆய்வு

ஒரு சொல்லுக்கு எத்தனை பாடபேதம் என்று பக்கம் பக்கமாக எழுதிக் குவிக்கும் தமிழாய்வுலகம், காரில் புதிதாக ஸ்பீக்கரும் ஆம்பும் பூட்டியவர் பேஸ் குமிழைத் திருகிக்கொண்டே இருப்பதை மட்டும் ஏனோ கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையைப் போக்க வந்தது இக்கட்டுரை. ஆய்வுக்களம் மரக்காணம். விழுப்புரம் மாவட்டக் கரையோரம், கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஒரு பக்கம் உப்பளமும் மறுபக்கம் கடலுமாக இருக்கும் ஊர். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கார்கள் ஜன்னலை ஏற்றிவிட்டு, பாட்டை உரக்க வைத்துக்கொண்டு இதைக் கடந்து போகின்றன.

களத்தேர்வுக்கு இலக்கியச் சான்றும் உண்டு. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று கருதும் அறிஞர்கள் இருக்கிறார்கள். நூலைப் பாடியவர் பக்கத்து இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். ஆக, கையில் சீறியாழோடு பாணர்கள் இந்தக் கரை வழியே அரசன் நல்லியக்கோடனைத் தேடிப் போயிருக்கிறார்கள். எடுத்துச் செல்லத்தக்க இசைக் கருவியுடன் கடற்கரைச் சாலையில் பயணம் செய்தவர்களுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பதிவு இதுவாக இருக்கலாம். அவர்களுக்கு வழியில் கள்ளும் சுட்ட மீனும் கிடைத்தன. இப்போது பரோட்டா.

தொல்காப்பியரோ இன்னும் முன்னே போய்விட்டார். ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் யாழையும் பறையையும் தனித்தனியாக வைத்தார். மேல் சுரத்துக்கு ஒன்று, அடி அதிர்வுக்கு ஒன்று. ட்வீட்டரையும் ஊஃபரையும் பிரித்துப் பூட்ட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நூற்பா கிடைக்காது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று அவர் சொன்னதன் முழுப்பொருள், பணம் கட்டிவிட்டு வெளியே வந்து முதல் பாட்டைப் போட்டுப் பார்த்தவருக்கே விளங்கும்.

மேனாட்டு வரலாற்றை இரண்டு வரியில் முடித்துவிடலாம். 1930-ல் பால் கால்வினின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கியது. பிறகு நிறுவனத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1956-ல் கிறைஸ்லர் கார்களில் டேஷ்போர்டுக்கு அடியில் ஓர் இசைத்தட்டுப் பெட்டியே வந்தது. நிமிடத்துக்கு 16⅔ சுற்றுச் சுழலும் தட்டு, அதன்மேல் ஊசி, அடியில் சாலை. திட்டம் நீடிக்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமா?

இனி ஆய்வு முறை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு நூலுக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்து என்று பட்டியலிட்டார். அவர் மனத்தில் இருந்தது புத்தகம்தான் என்று உரையாசிரியர்கள் நம்பிவிட்டார்கள். புதுச் செட் ஒன்றைக் கேட்டுவிட்டு அந்தப் பட்டியலை மறுபடி படித்தால் ஐயம் எழுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது மாறுகொளக் கூறல். இரண்டு கதவு ஸ்பீக்கர்களில் ஒன்றின் பிளஸ், மைனஸ் ஒயர்கள் இடம் மாறிவிட்டால், ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். ஒன்று சொன்னதை மற்றது மறுக்கும். பேஸ் காற்றிலேயே அழிந்துபோகும். பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றும் பிடிபடாது. உரிமையாளர் உடனே பேஸைக் கூட்டுவார், பிறகு ஆம்பை மாற்றுவார், பிறகு கடைக்காரரை மாற்றுவார். கோளாறைக் கண்டுபிடிக்க ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரி ஒன்று போதும். ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, பேட்டரியின் பிளஸ்ஸைப் பிளஸ் ஒயரிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். கூம்பு 'டப்' என்று வெளியே துள்ளினால் இணைப்பு சரி. உள்ளே ஒடுங்கினால் தலைகீழ். விரல் நுனியைக் கூம்பின்மேல் மெல்ல வைத்திருந்தால் இருட்டிலும் தெரியும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஈக்வலைசரைத் தொடுகிறவரிடம் ஆய்வாளர்கள் பேசுவதில்லை.

அடுத்தது மிகைபடக் கூறல். நோய் என்றே தெரியாமல் பரவியிருப்பது இதுதான். “பேஸ் இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமாண்ணே?” என்று செட் மாட்டும் தம்பி கேட்க, “ஏத்துப்பா” என்று அண்ணன் சொல்ல, கெயின் குமிழ் கடைசிவரை போய்விடும். கெயின் என்பது வால்யூம் அல்ல. டெக்கிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பின் வாசலைப் பொருத்தும் திருகு அது. டெக்கை முக்கால் அளவு சத்தத்தில் வைத்து, கெயினை அடியிலிருந்து மெல்ல ஏற்றி, பாட்டு கரகரக்கத் தொடங்கும் இடத்தில் நின்று, சற்றே இறக்க வேண்டும். உப்பளக்காரர்களுக்கு இது புதிதல்ல. கடல்நீர், அடர்த்தியைக் காட்டும் போமே அளவில், மூன்று டிகிரி, மூன்றரை டிகிரியில் உள்ளே வருகிறது. வெயிலில் சுண்டி 25 டிகிரியைத் தொட்டால்தான் சமையல் உப்பு படிகிறது. 29, 30 தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும்; அதற்குள் பாத்தியிலிருந்து தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். கெயினுக்கும் அப்படி ஒரு குறுகிய இடைவெளிதான். அளவுக்கு மேல் போனால் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டு, ட்வீட்டர் சூடாகிக் கருகும்.

வாட் கணக்கில் ஏமாறுகிறவர்களுக்கு ஒரு பின்குறிப்பு. ஆம்பின் சக்தியை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்குச் சத்தம் இரட்டிப்பாகத் தோன்றப் பத்து மடங்கு சக்தி தேவை. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ஆயிரத்தை நம்பி வாங்கியவர் இதைப் படிக்காமல் விடுவது உடம்புக்கு நல்லது. மேலும், சுமார் இரண்டரை மீட்டர் நீளமுள்ள கார் அறையில் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் தானாகவே ஏறும். கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்கு மேலும், டிக்கியில் உள்ள ஊஃபருக்கு அதற்குக் கீழும் என்று கிராஸ்ஓவரில் பாகம் பிரித்துக் கொடுத்தாலே பாதிச் சண்டை ஓயும்.

குன்றக் கூறலுக்குக் காரணம் பெரும்பாலும் கருவியில் இல்லை, காதில் இருக்கிறது. 1933-ல் பெல் ஆய்வகத்தின் பிளெட்சரும் மன்சனும் காட்டியபடி, சத்தம் குறையக் குறைய மனிதக் காது அடிச்சுரங்களைத்தான் முதலில் கைவிடுகிறது. கடை வாசலில் உரக்க வைத்துச் சரிசெய்த செட், இரவில் தணித்துக் கேட்டால் சோகையாக ஒலிப்பது அதனால்தான். சாலையில் ஓடும்போது டயர் இரைச்சல் வேறு அதே பேஸை விழுங்கும். நின்ற வண்டியில் ஒரு முறையும் ஓடும் வண்டியில் ஒரு முறையும் கேட்காமல் முடிவெழுதக் கூடாது.

மயங்க வைத்தல் என்ற குற்றத்துக்கு இந்தியாவில் தனி வடிவம் உண்டு. ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்கிறார். வலக் கதவு ஸ்பீக்கர் அவருக்கு ஏறக்குறைய 90 சென்டிமீட்டரில் இருந்தால், இடக் கதவு 130-ல் இருக்கும். மரக்காணத்து 32 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர், அதாவது மில்லிநொடிக்கு 35 சென்டிமீட்டர் போகும். இடப்பக்க ஒலி 1.1 மில்லிநொடி பிந்தி வருகிறது. முந்தி வந்த பக்கமே ஒலிக்கு மூலம் என்று மூளை தீர்ப்பெழுதிவிடும்; ஹெல்முட் ஹாஸ் 1949-ல் ஆராய்ந்தது இந்தச் சங்கதியைத்தான். எனவே பக்கத்திலிருக்கும் வலது ஸ்பீக்கரை 1.1 மில்லிநொடி தாமதிக்க வேண்டும். வலப்பக்கச் சாலையில் ஓடும் நாட்டுக்காரர் போட்ட அமைப்பை அப்படியே நகலெடுத்தால் மயக்கம் இரட்டிப்பாகும்.

சோதனைக்குப் பழைய மோனோ பாட்டுதான் உரைகல். பாசமலர் (1961) படத்தில் பி. சுசீலா பாடிய பாட்டு ஒன்றை ஓடவிட்டால், இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான் வரும். ஆகவே சுசீலா டேஷ்போர்டின் நடுவே, பிள்ளையார் சிலைக்குப் பின்னால் நிற்க வேண்டும். வலது கண்ணாடி ஓரம் ஒதுங்கியிருந்தால் தாமதம் போதவில்லை. ஓட்டுநருக்காகச் சுசீலாவை நடுவில் நிறுத்தியதும், இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு அவர் இடக் கதவோடு ஒட்டிக்கொள்வார். “முன்னாடியே நல்லாத்தாங்க இருந்துச்சு” என்ற அந்தக் கருத்துரை அறிவியல்படி முற்றிலும் சரியானது. ஓட்டுநருக்கு ஒன்று, எல்லோருக்கும் ஒன்று என இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைப்பதே குடும்ப அமைதிக்கு உகந்தது.

வெற்றெனத் தொடுத்தல் பாட்டின் குற்றம். அதற்கு இசையமைப்பாளரைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக, மற்றொன்று விரித்தல். பாட்டோடு சேர்ந்து வேறெதுவோ பாடுவது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும் ஒரு 'உய்ங்ங்' கேட்டால் அது ஆல்டர்னேட்டரின் குரல். எர்த் ஒயர் சரியில்லை என்று பொருள். இங்கேதான் மரக்காணம் தன் வேலையைக் காட்டுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே கசிந்து நீராகும். உப்புக் காற்று படிந்த இணைப்பில் அந்த ஈரம் இறங்கி, இரும்பில் துருவும் செம்பில் பச்சைக் களிம்பும் ஏறும். சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமை சொன்ன அதே களிம்புதான். ஆம்ப் விஷயத்தில் நீக்கத்துக்கு உப்புத்தாளே போதும். டிக்கித் தரையில் எர்த் போல்ட் இறங்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, தகடு வெள்ளி போல் மின்னும்வரை தேய்த்து, வளையத்தை இறுக்கி, மேலே வாசலைன் தடவிவிட வேண்டும்.

மிச்சம் இருப்பது கிலுகிலுப்பு. சிறுபாணாற்றுப்படையில், கொற்கைப் பக்கம், உப்பு வணிகரின் வண்டிகளோடு வந்த குரங்கு ஒன்று சிப்பிக்குள் முத்தைப் போட்டுக் குழந்தைகளோடு கிலுகிலுப்பை ஆட்டுகிறது. வண்டியோடு வந்த தேவையற்ற சத்தத்துக்கு இதுவே முதற் சான்று. இன்றைய வண்டியில் சிப்பியின் இடத்தில் கதவுத் தகடு இருக்கிறது. கதவின் உள்தகட்டில் பியூட்டைல் ஷீட்டை ஒட்டி உருளையால் அழுத்தினால் அது அடங்கும். சில்லறைக் காசு, கூலிங்கிளாஸ், சாவிக்கொத்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, காதலன் (1994) பாட்டு எதையாவது உரக்க வைத்து, ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயுமாகக் கையால் அழுத்தி அழுத்திச் சத்தம் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டும். இரவு பத்து மணிக்குமேல் வேண்டாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் அனுமதிப்பது 45 டெசிபல்தான்.

இத்தனைக்குப் பிறகும் ஊஃபர் ஒவ்வொரு முறை உறுமும்போதும் பின்பக்கம் ஒரு தகரம் ஜதி போடுகிறது என்றால், அது நம்பர் பிளேட். கழற்றிப் பின்னால் ஸ்பாஞ்ச் வைக்கலாமென்றால், 2019 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளில் உயர் பாதுகாப்புத் தகடு. ஒரு முறை பூட்டினால் உடைக்காமல் எடுக்க முடியாத பூட்டு. எனவே ஸ்பாஞ்ச் டேப்பை மெல்லிய கீற்றாக நறுக்கி, பழைய ஏ.டி.எம். கார்டின் விளிம்பால் தகட்டுக்கும் பம்பருக்கும் நடுவே பக்கவாட்டில் செருக வேண்டியிருக்கிறது. கீழ் விளிம்பில் இரண்டு இடங்களில் செருகினால் போதும்.