எல்லா டெபாசிட்டும் ஒரே நாளில் முதிர்ந்தால்

அனுப்புநர்: மயிலாப்பூர், தி. நகர், அடையாறு வட்டார மஞ்சள் சட்டைச் சேமிப்பாளர்களில் ஒருவர்
பெறுநர்: ஏலக் குழுவினர், சென்னை சூப்பர் கிங்ஸ், சென்னை
பொருள்: பதினான்கு கோடியே இருபது லட்சம் ரூபாய், இரண்டு தடவை. விளக்கம் கோருதல் தொடர்பாக
நாள்: டிசம்பர் 2025

மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கு,

இம்மாதம் 16-ஆம் தேதி அபுதாபி ஏலத்தில் நீங்கள் தூக்கிய அட்டை இரண்டு முறை வெகுநேரம் கீழே இறங்கவே இல்லை. 30 லட்சம் ரூபாய் அடிப்படை விலையில் வந்த பிரசாந்த் வீருக்கு 14.20 கோடி, அதே 30 லட்சத்தில் தொடங்கிய கார்த்திக் சர்மாவுக்கும், பைசா பேதமில்லாமல், 14.20 கோடி. முன்னவருக்கு வயது 20, பின்னவருக்கு 19. இந்திய அணிச் சட்டையை இருவரும் இன்னும் போட்டதில்லை, ஐ.பி.எல். ஆட்டமும் இனிமேல்தான். கையிருப்பு 43.40 கோடியில் 28.40 கோடி, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, இந்த இரண்டு பெயர்களுக்கே போய்விட்டது. பாண்டி பஜார் பக்கம் ஏதாவதொரு வங்கிக் கிளையில் ஐந்து லட்சம் தனிநபர் கடன் கேட்டுப் போகிறவரிடம் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆறு மாத ஸ்டேட்மென்ட், படிவம் 16, பான், ஆதார், சிபில் ஸ்கோர் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, “மேனேஜர் லீவு, திங்கட்கிழமை வாங்க” என்பார்கள். ஜாமீன் கையெழுத்து இல்லாமல் பத்தொன்பது வயதுப் பையனுக்குப் பதினான்கு கோடி கொடுக்கும் நிறுவனம் இந்த ஊரில் உங்களைத் தவிர வேறு இருப்பதாகத் தெரியவில்லை. பாராட்டுகள்.

இளமைக்கு எதிரான கடிதம் என்று இதை மூலையில் போட்டுவிட வேண்டாம். போன சீசன் வரை “கிழவர் கூட்டம்” என்று கேலி பேசியவர்களே இன்று “பொடியன்களுக்கா இவ்வளவு?” என்று அங்கலாய்க்கிறார்கள், அவர்களோடு எனக்குக் கூட்டணி இல்லை. என் புகார் வயதைப் பற்றியதல்ல, தேதியைப் பற்றியது. நேற்றுவரை உங்கள் முதலீடெல்லாம் ஒரே நாளில் முதிர்வதுபோல் கிடந்தது. இன்றும் ஒரே நாளில் முதிர்வதுபோலத்தான் போட்டிருக்கிறீர்கள். அந்த நாளை மட்டும் தள்ளி வைத்திருக்கிறீர்கள்.

இந்த வட்டாரத்து ஓய்வூதியக்காரர்கள் பணத்தை எப்படிப் போட்டு வைக்கிறார்கள் என்று பாருங்கள். இருபது லட்சம் இருந்தால் அதை ஒரே ரசீதாக யாரும் போடுவதில்லை. வங்கி மூழ்கினால் டெபாசிட் காப்பீடு திருப்பித் தருவது, வட்டியும் சேர்த்து, ஐந்து லட்சம்தான். 2020 பிப்ரவரிக்கு முன் அதுவும் ஒரு லட்சமாக இருந்தது. ஆகவே நாலு வங்கி, நாலு ரசீது. அதையும் ஒன்று அடுத்த வருஷம், ஒன்று அதற்கடுத்த வருஷம், ஒன்று ஐந்தாம் வருஷம் முதிர்வதுபோல் பிரிப்பார்கள். இந்த ஆண்டு ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.50-லிருந்து படிப்படியாக 5.25 சதவீதத்துக்கு இறக்கியது. டெபாசிட் வட்டியும் கூடவே இறங்கியது. மொத்தப் பணமும் இந்த டிசம்பரில் முதிர்ந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார். பிரித்துப் போட்டவருக்கு ஒரு ரசீதில்தான் அடி. வட்டி ஏறுமா இறங்குமா என்று இவர்கள் யாரும் ஜோசியம் பார்ப்பதில்லை. பார்க்கத் தெரியாது என்று ஒப்புக்கொண்டுதான் பிரிக்கிறார்கள்.

இனி உங்கள் பாஸ்புக். 2024 நவம்பரில் ஜெட்டாவில் பெரிய ஏலம் நடப்பதற்கு முன்பே தோனியை 4 கோடிக்கு ரென்யூவல் செய்தீர்கள். சர்வதேசப் போட்டி ஆடி ஐந்தாண்டு ஆனவரை “இந்தியாவுக்கு ஆடாதவர்” கணக்கில் சேர்க்கலாம் என்ற பழைய விதி அதற்கென்றே உயிர்த்தெழுந்து வந்தது. வங்கியில் இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாவிட்டால் செயல்படாத கணக்கு என்று முத்திரை குத்திவிடுவார்கள். உங்கள் துறையில் ஐந்து வருஷம் செயல்படாவிட்டால் புதுக் கணக்கு தொடங்கிக் கொடுக்கிறார்கள். மேற்கு மாம்பலத்து அஸ்வினை 9.75 கோடிக்குத் திரும்ப அழைத்தீர்கள். ஒரே சீசன் ஆடிவிட்டு ஐ.பி.எல்.லிலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார். மூத்த குடிமக்களுக்கு வங்கி அரை சதவீதம் கூடுதலாகத் தருகிறது; நீங்கள் ஆடும் பதினொருவரில் இடமே தந்தீர்கள். 2025 மார்ச்சில் பெங்களூருக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கியபோது ஆட்டம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. அந்த மைதானத்தில் பெங்களூர் வென்றது 2008-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103. சொந்த மண்ணில் ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. மொத்தம் 14-ல் நாலு வெற்றி, வரலாற்றில் முதல்முறையாகப் பட்டியலின் கடைசி இடம். எதிர்முகாமில் ஹைதராபாத் ஒரே இன்னிங்ஸில் 287 அடிக்கும் காலம் இது. விலைவாசி இப்படி ஏறும்போது பழைய வட்டிக்கே ரென்யூவல் செய்கிறவரின் முதல் கரைவதில் அதிசயம் என்ன இருக்கிறது?

“அந்தக் கிழவர்கள்தானே 2018-ல் கோப்பை வாங்கிக் கொடுத்தார்கள்?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாட்சன் இறுதி ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 117 அடித்தபோது அவருக்கு வயது 36. ஆனால் அவரை வாங்கிய விலை 4 கோடி. 2023-ல் ரஹானேயை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு எடுத்தீர்கள். மற்றவர்கள் டெஸ்ட் ஆட்டக்காரர் என்று ஒதுக்கிய அந்த மனிதர் நூறு பந்துக்கு 172 என்ற வேகத்தில் அடித்தார், ஐந்தாவது கோப்பையும் வந்தது. அன்று உங்கள் கெட்டிக்காரத்தனம் விலையில் இருந்தது. அதை வயதில் இருந்ததாக நீங்களே நம்பத் தொடங்கியதுதான் வினை. இப்போது வயதைத் திருப்பிப் போட்டால் கெட்டிக்காரத்தனமும் திரும்பி வந்துவிடும் என்று நினைப்பது அதே தப்பின் மறுபக்கம்.

இன்னும் ஒரு பக்கம் புரட்டினால், உங்களுக்கு மெய்யாகவே வட்டி கொடுத்தவை எல்லாம் மாதாமாதம் சில்லறை கட்டும் ஆர்.டி. கணக்குகள். ருதுராஜ் கெய்க்வாட் 20 லட்சத்துக்கு வந்தவர். இன்று 18 கோடி, கேப்டன். பதிரனா மாற்று ஆளாக 20 லட்சத்துக்கு வந்து 13 கோடிக்கு வளர்ந்தார். ஆயுஷ் மாத்ரே போன சீசன் நடுவில், கெய்க்வாட் முழங்கை அடிபட்டு வெளியேறியபோது, 30 லட்சத்துக்கு வந்த பதினேழு வயதுப் பையன். பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94. இந்தப் பட்டியலில் இருக்க வேண்டிய இன்னொரு பெயர் சாய் சுதர்சன். சென்னைப் பையன், சென்னை லீகில் ஆடியவர், தமிழ்நாடு பிரீமியர் லீகில் எல்லோரும் கண்ணாரக் கண்டவர். 2022-ல் அவரை 20 லட்சத்துக்கு எடுத்தது குஜராத். 2025-ல் 759 ஓட்டங்கள், ஆரஞ்சுத் தொப்பி. உள்ளூர்க் கிளையில் முகம் தெரிந்த வாடிக்கையாளர்; கணக்குத் தொடங்கியது அகமதாபாத் கிளை. இதற்கு எந்த ஆடிட்டரும் உங்களிடம் விளக்கம் கேட்கவில்லையா?

“ஏலத்தில் விலையை நாங்களா வைக்கிறோம், எதிராளி ஏற்றினான்” என்பது அடுத்த சமாதானம். எதிராளி ஏற்றியது உண்மை. கையை இறக்க வேண்டாம் என்று அவர் தடுக்கவில்லையே. “சின்ன வயசு, பத்து வருஷம் கூட்டு வட்டி வருமே” என்றும் சொல்வீர்கள். கூட்டு வட்டி சேருவதற்குப் பணம் உங்கள் கணக்கிலேயே கிடக்க வேண்டும். மூன்று சீசனுக்கொரு தரம் பெரிய ஏலம் வந்து கூடாரத்தைக் கலைத்துவிடுகிறது. போன முறை தக்கவைக்க விட்டது ஆறு பேரை. பத்தொன்பது வயதுக்காரர் இருபத்து மூன்றில் பழுக்கும்போது எந்த ஊர்ச் சட்டையில் இருப்பார் என்பதற்கு ரசீது ஏதும் உங்களிடம் இல்லை. இருவரும் நன்றாக ஆடட்டும். விசில் அடிக்கத் தயாராகவே இருக்கிறோம். ஆனால் இருவரும் ஒரே சமயத்தில் பழுக்க வேண்டும், ஒரே சமயத்தில் நிலைக்க வேண்டும் என்ற வேண்டுதலை வைத்துக்கொண்டு கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போகலாமே தவிர, ஏலத்துக்குப் போகக் கூடாது.

கடைசியாக ஒரு வாதம் வரும், கண்ணில் நீரோடு: தோனி முதலீடு அல்ல, நம்பிக்கை. ஒத்துக்கொள்கிறேன், அவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது சேப்பாக்கத்தில் எழும் சத்தத்துக்கு எந்த வங்கியிலும் வட்டி விகிதம் இல்லை. ஆனால் பழம்பெயரை ஈடாக வைத்துக்கொள்வதில் இந்த வட்டாரத்துக்கு அனுபவம் உண்டு. 1906-ல் ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தபோது ஊரே அதை நம்பிக் கிடந்தது. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னிற்க, மறு ஆண்டு ஆகஸ்டில் இந்தியன் வங்கி பிறந்தது. பாடம் நூறு வருஷம் தாங்கியது என்று சொல்ல ஆசைதான். 1872-ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்டில் போட்ட பணம் வரவில்லை என்று டெபாசிட்தாரர்கள் புகார் கொடுத்து, 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைதாகி, விவகாரம் வழக்கானது. போட்டவர்களில் பலர் பார்த்தது பலகையில் இருந்த வருஷத்தை.

நாமினி விஷயம், அதாவது தோனிக்குப் பின் யார் என்பது, தனி. 2022-ல் கேப்டனாக ஜடேஜா பெயரைப் போட்டு எட்டு ஆட்டத்தில் அடித்துவிட்டீர்கள். 2024-ல் கெய்க்வாட் பெயரைப் போட்டு, மறு ஆண்டு அவர் காயம்பட்டதும் கணக்கு மறுபடி பழைய கையெழுத்துக்கே திரும்பியது. இப்போது ஜடேஜாவையும் சாம் கரணையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சாம்சனை வாங்கியிருக்கிறீர்கள். விக்கெட்டுக்குப் பின்னால் நிற்க அவர் ஒருவர், 14.20 கோடிக்குக் கார்த்திக் ஒருவர், இவர்களோடு மூலவரும் சன்னதியை விட்டு நகரவில்லை. கடந்த நவம்பர் முதல் தேதியிலிருந்து ஒரு கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம் என்று வங்கிச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. உங்களை மனத்தில் வைத்துத்தான் திருத்தினார்களோ என்னவோ. ஆனால் ஒருவர்பின் ஒருவரா, சேர்ந்தாற்போலா, சேர்ந்தென்றால் யாருக்கு எத்தனை சதவீதம் என்று படிவத்தில் எழுதியே ஆக வேண்டும். அதை வெறுமையாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வங்கியில் விடமாட்டார்கள்.

ஆகவே கோருவது இவ்வளவே. அடுத்த பெரிய ஏலத்துக்குள் யார் எந்த வருஷம் முதிர்கிறார் என்று ஒரு பக்கத்தில் எழுதி வெளியிடுங்கள். வாலாஜா சாலையின் இந்தப் பக்கத்துப் பையன்களுக்கென்று 20, 30 லட்சத்தில் ஆண்டுக்கு இரண்டு கணக்காவது தொடங்குங்கள். ஒருவருக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் இல்லை என்று ஒரு வரம்பை ஏலத்துக்கு முன்பே எழுதி, அட்டை தூக்குபவர் சட்டைப்பையில் வையுங்கள்.

இப்படிக்கு,
மூத்த குடிமக்கள் கவுண்டர் வரிசையில் நிற்கும் ரசிகர்

பின்குறிப்பு: அதே அபுதாபி ஏலத்தில் சர்ஃபராஸ் கானை 75 லட்சத்துக்கு எடுத்த கை யாருடையதென்று விசாரித்து, அடுத்த முறை அட்டையை அவரிடமே கொடுத்துவிடவும்.