சொட்டு ஆயில் திட்டம்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் தயாரிக்கிறது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010இல் வந்தது. நடுவில் எங்கோ ஒரு மெக்கானிக் கடையில், பழைய சான்ட்ரோ ஒன்று ஆயில் சொட்டிக்கொண்டு நிற்கும்.

“சம்ப் அடி வாங்கியிருக்கு சார். கழட்டணும்.”

“கழட்டாம முடியாதாண்ணே?”

முடியும். ஓட்டையில் எம்-சீல் அப்பலாம், ஒரு வாரம் தாங்கும். டிரெயின் நட்டை இன்னும் முறுக்கலாம், மரையும் போகும். முறையான வைத்தியம் வேறு: ஆயிலை வடித்து, சம்ப்பைக் கழற்றிச் சரிசெய்து, பழைய பேஸ்ட்டைச் சுரண்டி, புதிதாகத் தடவிக் காயவிட வேண்டும். நாளெல்லாம் கார் செய்கிற ஊரில், பேஸ்ட் காய்கிறவரை பொறுக்கத்தான் ஆளில்லை.

ஒன்று மட்டும்: டாஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு சீரியல் பல்பு அல்ல. வண்டியை உடனே நிறுத்துங்கள்; சம்ப் செலவு எஞ்சின் செலவைவிடக் குறைவு.