பழி எருமைக்கு, பெயர் மிளகாய்க்கு

எங்கள் ஆச்சி தயிர் கடைவதைப் பார்த்தால் வீட்டுக்குள் ஏதோ திருட்டு வேலை நடக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். விடியுமுன்னே தூணில் கயிற்றைக் கட்டி, வாசற்கதவைச் சாத்திவிட்டு மத்தை இழுக்க ஆரம்பிப்பாள். வெண்ணெய் திரளும்வரை உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் சந்தேகத்துக்குரியவர்கள். அதிலும் எதிர்வீட்டுப் பெரியம்மை.

“என்ன அத்தே, இன்னிக்கு நல்லாத் திரளுது போல?”

“எங்க திரளுது? மாடு தண்ணியாக் கறக்குது.”

தொழுவத்தில் எருமை இதைக் கேட்டுக்கொண்டு நிற்கும். பசும்பாலில் நூற்றுக்கு 4 பங்கு கொழுப்பு என்றால் எருமைப்பாலில் 7 பங்கு. அவ்வளவையும் கொடுத்துவிட்டு இந்தப் பேச்சையும் வாங்கிக்கொள்ளும்.

திரளாத நாளில் விசாரணை நடக்கும். பெரியம்மை கண்ணா, இல்லை, விளக்கு வைத்தபிறகு யாருக்காவது உறைமோர் கொடுத்து, கூடவே லட்சுமியையும் அனுப்பிவிட்டோமா? வெயிலை மட்டும் யாரும் விசாரித்ததில்லை. தயிர் 15 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்திருந்தால் கொழுப்புத் துளிகள் பாதி இறுகி ஒன்றோடொன்று சேரும். சூடேறினால் உருகி வழுக்கிக்கொண்டு போகும். சித்திரை மாதத்துத் திருநெல்வேலியில் 15 டிகிரிக்கு எங்கே போவது? ஆச்சி உப்பும் மிளகாய்வற்றலும் எடுத்துப் பானையைச் சுற்றி அடுப்பில் போடுவாள். கையோடு மண்பானைத் தண்ணீரையும் ஒரு செம்பு தயிரில் ஊற்றுவாள். கொஞ்ச நேரத்தில் வெண்ணெய் மிதக்கும். பெயர் மிளகாய்க்கு.

பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகளுக்கு இந்தத் தொல்லை இருந்ததாகத் தெரியவில்லை. விடியலில் அவள் கடையும் ஓசை புலி உறுமுகிற மாதிரி இருக்குமாம். எந்தப் பெரியம்மை எட்டிப்பார்ப்பாள்? நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று எருமையாகக் கேட்டு வாங்கியவள் அவள். விவரமானவள்.

அயர்லாந்துக்காரர்களுக்கும் பழைய காலத்தில் இதே பயம்தான். கடைகிற வீட்டுக்குள் நுழைந்தவர் தானும் ஒரு கை கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும். சும்மா போனால் வெண்ணெய் அவரோடு போய்விடும் என்று நம்பினார்கள். வந்தவரைச் சந்தேகப்படுவதைவிட வேலை வாங்குவது உத்தமம் என்று எனக்குப் பட்டது. ஆச்சியிடம் சொன்னேன்.

மத்திலிருந்த வெண்ணெயை வழித்துக்கொண்டே யோசித்தாள்.

“கயித்த அவ கையில குடுத்தா, வெண்ணெயில பாதி கேப்பாளேடா?”