கைமாற்று வங்கியிலிருந்து ஒரு கடிதம்

பெறுநர்: கடன் பிரிவு மேலாளர் அவர்கள் (வங்கியின் பெயரை எழுதினால் விளம்பரமாகிவிடும்)
பொருள்: மடிக்கணினி வாங்க 60,000 ரூபாய் கடன் கேட்டதும் தாங்கள் மறுத்ததும்

ஐயா,

தங்கள் மறுப்புக் கடிதம் கிடைத்தது. 'நிலையான வருமானம் இல்லை. தகுந்த ஜாமீன்தாரர் இல்லை.' இரண்டே வரி, மிகையாக ஒரு சொல் கிடையாது. இந்தச் சிக்கனத்தை எங்கள் ஆட்களுக்குப் பழக்க முடியாமல் எத்தனையோ சிற்றிதழ் ஆசிரியர்கள் நரைத்துப் போனார்கள். தாங்கள் எழுத வந்திருக்கலாம். வராமல் போனதில் தங்கள் குடும்பத்துக்கு லாபம்.

விண்ணப்பத்தில் 'தொழில்' என்ற இடத்தில் 'எழுத்து' என்று நிரப்பியிருந்தேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "சீரியலுக்கா சார்?" என்று ஆசையாகக் கேட்டார். சிறுகதை, கட்டுரை, அவ்வப்போது மொழிபெயர்ப்பு என்றேன். ஆசை வடிந்துவிட்டது. சம்பளச் சீட்டு கேட்டார், இல்லை. கடை வாடகை ரசீது கேட்டார். கடையே இல்லை, ஜன்னலோரம் ஒரு மேசைதான். சரக்கு இருப்பு? கட்டிலுக்கடியில் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய என் கதைத் தொகுப்பு கிடக்கிறது என்றேன். "அது விக்குமா சார்?" என் பதிப்பாளர்கூட இதுவரை இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

வருமானம் நிலையற்றது என்கிறீர்கள். அநியாயம் ஐயா, அதைப்போல் நிலையானது எதுவுமில்லை. 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு வழக்கப்படி 10 விழுக்காடு ராயல்டி, அதாவது 20 ரூபாய். 300 பிரதி விற்றால் 6,000. அதுவும் பாதி நேரம் பணமாக வராது, அதே புத்தகத்தின் பிரதிகளாக வரும். முன்பெல்லாம் ஆயிரம் பிரதி அடித்தார்கள். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்துவிட்டதால் ஐம்பதுகூட ஒரு பதிப்புதான். நூலக ஆணை கிடைத்தால் யோகம். ஆனால் அங்கே நெடுங்காலம் விலை பாரக் கணக்கில்தான் இருந்தது. பதினாறு பக்கம் ஒரு பாரம். ஒரு பத்தியை எத்தனை மாதம் அடித்துத் திருத்தினோம் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இருந்ததில்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் எங்கள்மேல் இரக்கப்பட்டு 80 கியூகியூபி என்று ஒரு பிரிவே வைத்தது. இலக்கிய நூல்களின் ராயல்டியில் 3 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம் என்றது. அந்தச் சலுகைக்குத் தேவையான வருமானத்துக்கும் ஒரு பிரிவு வைத்திருந்தால் சட்டம் முழுமை பெற்றிருக்கும்.

அடமானம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நான் எழுதியது என் ஆயுள் முழுக்க என்னுடையது. அதற்குப் பிறகு 60 ஆண்டு என் வாரிசுகளுடையது. தங்கள் வீட்டுக் கடனே முப்பது ஆண்டில் முடிந்துவிடும். செத்த பிறகு இரண்டு மடங்கு காலம் சம்பாதிக்கக்கூடிய வாடிக்கையாளர் வேறு யாராவது தங்களிடம் உண்டா? தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கினால் வாரிசுகளுக்கு மொத்தமாக ஒரு தொகையும் கிடைக்கும். என்ன, தவணையை ஆரம்பிக்க நான் இடத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

இனி ஜாமீன்தாரர். நான் ஒரு கவிஞரை அழைத்து வந்தேன். அவருக்கு யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். அவர் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் காட்டினார். மொழிபெயர்ப்பாளருக்கு யார் என்றபோது அவர் என்னைக் காட்டினார். தாங்கள் சிரித்தீர்கள். அது ஏமாற்றுவேலை இல்லை ஐயா, எங்கள் நிதி அமைப்பு அப்படித்தான் இயங்குகிறது.

எங்கள் வங்கிக்குக் கண்ணாடிக் கதவு இல்லை. பெயர் கைமாற்று. ஒரே 2,000 ரூபாய் எங்கள் ஐந்தாறு பேருக்குள் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆடியில் கவிஞரின் வீட்டு வாடகையாகப் போகும், ஐப்பசியில் என் மகளின் தேர்வுக் கட்டணமாகத் திரும்பும், தை மாதம் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிற யாரோ ஒருவரின் பேருந்துச் சீட்டாக மாறும். முதலில் அது யாருடைய பணம் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. பத்திரம் கிடையாது. ஆனால் வட்டி உண்டு, கடுமையான வட்டி: கொடுத்தவரின் நாவல் கைப்பிரதியை முழுதும் படித்து, உண்மையான கருத்தைச் சொல்ல வேண்டும். நானூறு பக்கம். நடுவில் இருநூறு பக்கம் ஊரின் நில அமைப்பு. தங்கள் கந்துவட்டிக்காரர்கள் யாரும் இந்த அளவுக்குப் போனதில்லை.

மெய்ப்புப் பார்ப்பது, அச்சக பாக்கிக்குத் தவணை பேசித் தருவது, ஆவணப்படத்துக்கு வசனம் எழுதும் வேலை வந்தால் அது நமக்கு ஒத்துவராதபோது அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது, எல்லாமே வரவுசெலவுக் கணக்கில் சேரும். புத்தக வெளியீட்டில் மேடையில் எட்டுப் பேர் இருப்போம், கீழே ஆறு பேர். அடுத்த மாதம் மேடையும் தரையும் இடம் மாறும்.

முன்னுதாரணம் கேட்பீர்கள், தருகிறேன். 1920இல் பாரதி கடையத்தில் இருந்துகொண்டு தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகமாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதியாக அச்சிடத் திட்டம் போட்டார். நண்பர்களிடம் ஆளுக்கு 100 ரூபாய்க்குக் குறையாமல் வட்டிக்குக் கடன் கேட்டுச் சுற்றறிக்கை விட்டார். தீப்பெட்டியைவிட வேகமாக விற்றுவிடும் என்பது அவருடைய விற்பனைக் கணிப்பு. திட்டம் கூடிவரவில்லை, அடுத்த ஆண்டே அவர் போய்விட்டார். அந்தச் சுற்றறிக்கை தங்கள் மேசைக்கு வந்திருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பீர்கள். இன்று தங்கள் கிளைச் சுவரில் மீசையோடு தொங்குகிறார். 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகை தொடங்கினார். மனைவியின் நகை அதில் போயிற்று. புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். ந. பிச்சமூர்த்தியும், திருகோணமலையிலிருந்து பிரமிளும் அதில் கவிதை எழுதினார்கள். தங்கள் பேரேட்டில் அது மீட்கப்படாத நகைக்கடன். எங்கள் பேரேட்டில் புதுக்கவிதை.

இதெல்லாம் தோற்றவர்கள் கதை என்று தோன்றினால் கோட்டயம் வரை போய்வாருங்கள். 1945இல் பன்னிரண்டு மலையாள எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதல் போட்டு ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். தாங்களே பதிப்பித்து, தாங்களே விற்று, எழுதியவருக்கு 30 விழுக்காடு வரை ராயல்டி கொடுத்தார்கள். 120 ரூபாய்க்குத் தாங்கள் கணக்கே தொடங்க விடுவதில்லை. விட்டிருந்தாலும் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம் பிடித்திருப்பீர்கள்.

எங்கள் வங்கியைத் தெய்வீகமாக்க விரும்பவில்லை. அங்கும் வாராக்கடன் உண்டு. கொஞ்சம் பெயர் வந்ததும் தொலைபேசியை எடுக்காதவர்கள் உண்டு. அடுத்தவர் விருது வாங்கிய அன்று திடீரென்று காய்ச்சல் வருகிறவர்கள் உண்டு. அதைவிட மோசம், எங்கள் ஒற்றுமையை நம்பியே பிழைக்கிற பத்திரிகைகள். 'சன்மானம் தர இயலாது, நல்ல வாசகர்கள் கிடைப்பார்கள்' என்று எழுதுவார்கள். அந்த வாசகர்கள் யார் என்று பார்த்தால் நாங்களேதான்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். குடலிறக்க அறுவைக்காக நான் அரசு மருத்துவமனையில் கிடந்தபோது இரவு துணைக்கு இருந்தவர் என் நண்பரே அல்ல. என் முதல் தொகுப்பை நார்நாராகக் கிழித்து மதிப்புரை எழுதியவர். வார்டு வராந்தாவில், மின்விளக்குக்கு நேர் கீழே பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் முடிக்க வேண்டியிருந்த பாடநூல் மெய்ப்பைச் சிவப்பு மையில் திருத்திக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து, "நீங்க அண்ணனா?" என்றார். "இல்லைம்மா, எதிரி" என்றார் தலை நிமிராமல். மறுநாள் காலையில் பக்கங்களை என் தலைமாட்டில் வைத்துவிட்டு, "உன் ஒற்றுப்பிழை இன்னும் போகலடா" என்று சொல்லிப் போனார். பதிப்பகம் கொடுத்த கூலியில் பங்கு கொடுத்தேன், வாங்கவில்லை. பதிலுக்கு அவருடைய அடுத்த தொகுப்புக்கு மதிப்புரை கேட்டார். எழுதினேன். நானும் கிழித்துதான் எழுதினேன், கணக்கு நேர்.

ஆகவே ஐயா, தங்களிடம் போட்ட விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பழைய மடிக்கணினி ஒன்று மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கிடைத்துவிட்டது. 'ழ' விசை மட்டும் கொஞ்சம் அழுத்தி அடிக்க வேண்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. 60,000 ரூபாய்க்கு எனக்குத் தகுதியில்லை என்று கடிதம் வந்த அதே வாரத்திலிருந்து, 5 லட்சம் ரூபாய் தனிநபர் கடன் எனக்கு முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருப்பதாகத் தங்கள் வங்கியிலிருந்து தினமும் குறுஞ்செய்தி வருகிறது. நள்ளிரவில்கூட வருகிறது. அதை எழுதுகிறவர் யாரென்று தெரியவில்லை. புனைவில் அவருக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது. அவருக்காவது ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கோப்பில் 'இதர தொழில்' என்று குறிக்கப்பட்டவன்

பின்குறிப்பு: நான் படி இறங்கும்போது தங்கள் கிளை அலுவலர் ஒருவர் பின்னாலேயே ஓடிவந்து, வங்கி டைரியில் எழுதிய தன் கவிதைகளை என் பையில் திணித்துவிட்டுப் போனார். பெயரைச் சொல்ல மாட்டேன், வேலைக்கு ஆபத்து. முழுதும் படித்துவிட்டேன். டோக்கன் எந்திரத்தைப் பற்றியது அருமை. காதல் கவிதைகளில் பாதியை வெட்ட வேண்டும். எங்களிடம் 2,000 ரூபாய் வரை கைமாற்றுப் பெற அவருக்கு இப்போது தகுதி வந்துவிட்டது. முன்னுரையும் கேட்டிருக்கிறார். தகுந்த ஜாமீன்தாரரோடு வரச் சொல்லியிருக்கிறேன்.