டீச்சரம்மிணிக்கு நாலு யோசனை

ஏனம்மிணி, பழைய காலத்து மழையையும் வறட்சியையும் மரத்துலயே படிச்சுப்போடலாம்னு எட்டாவது பசங்களுக்குப் பாடம் நடத்தறயாமா? நெம்பச் சந்தோசம். புத்தகத்துல இருக்கற பைன் மரத்தையே போர்டுல வட்டம் வட்டமா வரைஞ்சு போடு. ஆனைமலை அடிவாரத்துல பொறந்ததுக பைன் மரத்தை எங்க கண்டுச்சு? எதிர்க்கேள்வி வராது. உனக்கும் சோலி சுளுவு.

தப்பித்தவறி "ஆளுக்கொரு மரத்துண்டு கொண்டாங்கடா"ன்னு சொல்லிப்போடாத. நம்மூர்ல தோப்பு முச்சூடும் தென்னை. எவனாவது அதை அறுத்துட்டு வருவான். உள்ள நாரும் புள்ளியுந்தான் இருக்கும். வருசா வருசம் பட்டைக்கடியில ஒரு சுத்துக் கட்டிப் பெருக்கற பழக்கம் தென்னைக்கும் பனைக்கும் கெடையாது. வெளிய தெரியற தழும்பு மட்டை விழுந்த தடம். வருசத்துக்குப் பன்னெண்டு மட்டையாவது விழுகும். அதை வருசக் கணக்குன்னு எண்ணுனா, உங்கப்பன் வெச்ச தென்னை பாண்டியராசா காலத்துக்குப் போயிரும்.

டாப்ஸ்லிப்புப் பக்கம் தேக்கு இருக்குது. அந்தத் தெசைக்கே போகாத. வெயில் நாட்டு மரத்துல நெறைய வளையத்தைத் தெளிவாக் காட்டாது, தேக்கு காட்டும். கோடையில இலையக் கொட்டி வளர்றதை நிறுத்திக்கும். மறுபடி தொடங்கறப்ப பெரிய பெரிய துளையாக் கட்டும். லென்சு வெச்சா அந்த வரிசை பளிச்சுனு தெரியும். மழை பொய்ச்ச வருசம் வளையம் ஒடுங்கிக் கெடக்கும். புனேயில இருக்கற வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்துக்காரங்க கேரளத்துத் தேக்கை வெச்சு 1481-ல இருந்து 523 வருசக் கணக்கை எடுத்து 2010-ல வெளியிட்டாங்க. எல் நினோ வந்து பருவமழை கெட்ட வருசங்க அதுல மெலிஞ்ச வளையமா நிக்குது.

அதுக்காக அருவாளத் தூக்கிட்டு மலையேறிராத, பாரஸ்ட்காரங்க புடிச்சு உள்ள வெச்சிருவாங்க. பென்சில் தண்டிக்குக் குச்சியா உருவி எடுக்கற துளைக்கருவி இருக்குது, மரம் பாட்டுக்கு நிக்கும். அதெல்லாம் உனக்கு எதுக்கு? அறுவை மில்லுல கழிச்சுப் போட்ட தேக்குக் கட்டை கேட்டாக் கெடைக்கும்.

கட்டை வந்ததும் "இந்த வளையம் மெலிசு, அந்த வருசம் பஞ்சம்"னு வெடுக்குனு சொல்லிப்போடு. பசங்க கைதட்டுவாங்க. பூச்சி இலையத் தின்னாலும் மெலிசாகும், பக்கத்து மரம் நெழல் கட்டுனாலும் மெலிசாகும், வயசானாத் தானாவே மெலிசாகும்னு எவனும் உன்னக் கேக்க மாட்டான். ஒத்தைச் சாட்சிய வெச்சே தீர்ப்பு சொல்ற நாட்டாமையா இருந்துக்கோ. ஆராய்ச்சிக்காரங்கதான் பாவம், பொழுது போகாம பல மரத்து வரிசைய ஒட்டுக்கா வெச்சு, தடிப்பும் மெலிசும் ஒத்துப்போகுதான்னு பாத்து, மழைக் கணக்கோட பொருத்தி, அப்பறந்தான் வாயத் தொறக்கறாங்க. ஆளுக்கொரு காகிதப் பட்டையக் குடுத்து, வேற வேற கட்டையில கோடு குறிச்சுப் பொருத்தச் சொன்னா பசங்களே கண்டுபுடிச்சிருவாங்க. பீரியடு வீணாப் போயிரும், செஞ்சுராத.

ஊட்டிக்கு டூர் போவீங்க. போட்டிங், சாக்லேட்டு, போட்டோ. புல்வெளிக்கு நடுவால சதுப்புப் பள்ளம் தெரிஞ்சா பஸ்ஸை நிறுத்தாத. அங்க மக்கியும் மக்காமயும் அடுக்கடுக்காப் படிஞ்ச கறுப்பு மண்ணு இருக்குது. வறண்ட காலத்துப் புல்லும் ஈரங்கண்ட செடியும் காத்துல இருந்து கரியை எடுக்கற விதம் வேற. அந்த வித்தியாசம் மண்ணுல அப்பிடியே தங்கிருது. ஆனையைப் பத்தி ஆராய்ச்சி பண்ற ராமன் சுகுமாரும் கூட்டாளிகளும் 1993-ல அதை அளந்து 20,000 வருசத்துக் கதைய எழுதுனாங்க. பனியுகம் உச்சத்துல இருந்தப்ப நம்ம பக்கம் மழை சுருங்கிக் கெடந்துச்சாம். அண்டார்டிகாப் பனிக்கட்டிக்குள்ள 8 லட்சம் வருசத்துக் காத்து குமிழியா இருக்கற சங்கதி புத்தகத்துல இருந்தா, அதைப் படிச்சுட்டுத் தாண்டிரு.

ஒரு வாலுப்பய எந்திரிப்பான். "தாது வருசப் பஞ்சம் 1876-ல வந்துதே, இந்தக் கட்டையில அது எங்க டீச்சர்?"னு கேப்பான். கட்டைக்கு வயசே அறுபதுக்குள்ளதான் இருக்கும். அரிசோனாவுல டக்ளஸ்னு ஒரு வானியல்காரர் பியூப்லோ மக்களோட பழைய ஊட்டு உத்தரத்தை எடுத்து, புது மரத்து வளையத்தோட வெச்சுப் பொருத்தி, 1929-ல பல நூறு வருசம் பின்னால போனார். நம்மூர்ப் பழைய தொட்டிக்கட்டு ஊட்டுலயும் தேக்கு உத்தரம் இருக்குதுன்னு அவங்கிட்டச் சொல்லிப்போடாத. மூஞ்சியக் கடுகடுன்னு வெச்சுக்கிட்டு "உக்கார்றா"ன்னு சொல்லு. எங்க வாத்தியார் எனக்கு அப்பிடித்தான் சொன்னார். நானும் போய் மில்லுல கட்டை அடுக்குனேன்.